கடல் ராஜாவுக்குத் தாடி

கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவள் நான். ராயபுரத்தில் எங்கள் சந்து முடிந்தால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர், அதற்குத் தெற்கே துறைமுகத்துச் சுவர், சுவருக்கு மேலே புகைபோக்கிகள். சரக்குக் கப்பல்கள் கறுப்பாக, துருப்பிடித்து நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாச வாக்கில், வெள்ளைவெளேரென்று ஒன்று வரும். உலகத்தைச் சுற்றுகிற கப்பல் என்பார்கள். அதில் வருகிறவர்களுக்கு எங்கேயும் போயாக வேண்டிய வேலை இல்லையாம். சும்மா சுற்றிப் பார்க்க மாசக்கணக்கில் கடலிலேயே இருக்கிறார்களாம். அது வந்து நின்றால் எனக்கு வலையில் கை ஓடாது. ஒரே ஒரு தடவை அதற்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். வீட்டு ஆண்கள் விடியுமுன்னே கட்டுமரத்தில் போய்விடுவார்கள். நானும் என் மாமியாரும் வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவோம். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அத்தை குரல் கொடுத்தால் கட்டுமரம் திரும்பி வரும்.

அந்த வருஷம் வெள்ளைக் கப்பல் வந்த மறுநாள் காலை, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கயிறு எல்லாம் சப்ளை செய்கிற கம்பெனியின் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வேர்த்து ஒழுகினார்.

"தாயீ, அவசரமா ஒரு வேலை. கொழும்பு தாண்டித் தெக்க போனா பூமிக்கு நடுவால ஒரு கோடு இருக்காம். கப்பல் அதைத் தாண்டுத அன்னைக்குக் கடல் ராஜா மேல ஏறி வருவாராம்."

"யாரு?" என்றார் அத்தை.

"கடல் ராஜா. நெசமா இல்லை, வேஷம். அந்தக் கப்பல்ல அது ஒரு வழக்கம். மொதத் தடவை கோடு தாண்டுதவங்களை ராஜா விசாரிப்பாரு. மூஞ்சி பூரா சோப்பு நுரையைப் பூசி, மரக்கத்தியால சவரம் பண்ணி, தண்ணித் தொட்டில தள்ளி விடுவாவ. அதுக்கப்புறம் ஒரு பத்திரம் குடுப்பாவ. எத்தனை பெரிய துரைசானியா இருந்தாலும் தப்ப முடியாது."

"துட்டு குடுத்து ஏறிட்டு, தண்ணில வேற வுழுந்துகினு போறாங்களா?"

"அதுக்காகவே ஏறுதவங்க இருக்காங்க தாயீ. இப்ப சங்கதி என்னன்னா, ராஜாவோட உடுப்புப் பெட்டியை எலி கடிச்சுப்போட்டு. கிரீடமும் சூலமும் கப்பல் ஆசாரி செஞ்சுருவாராம். வலையில ஒரு அங்கி, இடுப்பு வரைக்கும் ஒரு தாடி, இது ரெண்டும் நீங்க செஞ்சு தரணும். நாளைக்கு மத்தியானம் கப்பல் கிளம்பிரும். காலையில கொண்டாந்துரணும். செஞ்சவங்களே கப்பல்ல ஏறி, ஆளுக்கு அளவு பார்த்துக் கட்டி விடணும்."

செஞ்சவங்களே கப்பலில் ஏறி! என் கையிலிருந்து வலை பின்னுகிற ஊசிக்கட்டை நழுவி மடியில் விழுந்தது. காது இரண்டும் சுட்டது.

அத்தையோ வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னா அண்ணாச்சி, கடலுக்கு ஏது ராஜா? அவ அம்மா. பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன், தாடி வச்ச எவனும் அங்கேர்ந்து எந்திரிச்சு வந்ததில்ல."

"ஐயோ, அது வெள்ளைக்காரன் வழக்கம். ராஜான்னா ராஜா. நான் சொல்லுதபடி செஞ்சு குடுங்க."

"நீ மளிகைக்கார வூட்டுப் புள்ள. நீ தப்பா கேட்டுகினு வந்துருப்ப. தொரையும் கடல்ல தானே சுத்தறான், அவனுக்கு அம்மாவைத் தெரியாம இருக்குமா?"

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு, "தாடியை மறந்துராதீங்க, என் பொழப்பு போயிரும்" என்று பத்துத் தரம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அத்தை உள்ளே போய், மகனுக்காக மூன்று மாசமாகப் பின்னி வைத்திருந்த புது வலையை எடுத்து வந்தார். இன்னும் சாயம் ஏற்றாத வெள்ளை நூல் வலை. "மஞ்ச தோச்சு, செவப்புல கரை வச்சுப் பொடவையா கட்டிட்டா, அம்மா ஷோக்கா இருப்பாடி" என்றார்.

"அத்தே, தாடி..." என்றேன்.

"தாடியாம் தாடி! என் புள்ளையும் புருஷனும் அவ மடியில தொழில் பண்றாங்க. அவளுக்குப் போயி தாடி வக்கிறதா? கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். ஆனால் தாடி இல்லை என்றால் கப்பல் துரை எங்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். படிக்கட்டு வரை போய்விட்டு, உள்ளே போகாமலே திரும்ப வேண்டும். அதற்குப் போகாமலே இருக்கலாம்.

அத்தை மஞ்சளும் சிவப்புத் துணியும் வாங்கக் கடைக்குப் போனார். நான் எழுந்தேன். மூலையில் கிடந்த பழைய சணல் கயிற்றில் இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம் நீளத்துக்கு அறுத்து, முறுக்கைப் பிரித்து, என் சீப்பாலேயே சீவினேன். சீவச்சீவ அது கிழவர் தாடி மாதிரியே பொங்கிப் பொங்கி வந்தது. சிரிப்பு வேறு வந்துவிட்டது. ஒரு துணிப்பட்டையில் வைத்துத் தைத்து, காதில் மாட்ட இரண்டு வளையம் வைத்து, கூடையின் அடியில் ஒளித்து, மேலே ஓலையைப் பரப்பினேன். அத்தை வந்தபோது ஒன்றும் தெரியாதவள் போல ஊசிக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். சீப்பில் மட்டும் நாலு பல் போயிருந்தது.

அன்று பூராவும் இருவரும் வேலை செய்தோம். மஞ்சள் காய்ந்ததும் அத்தை ஓரமெல்லாம் சோழி கோத்தார். சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு!

மறுநாள் காலையில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கூடையை நான் சுமக்க, துறைமுகத்துக்குப் போனோம். அண்ணாச்சி வாசலில் சீட்டுக் காட்டி உள்ளே அழைத்துப் போனார். கிட்டத்தில் பார்த்தால் அது கப்பலாகவே இல்லை. வெள்ளைச் சுவர் வானம் வரைக்கும் போகிறது. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. படிக்கட்டின் கீழேயே வெள்ளை அரைக்கால் சட்டை போட்ட துரை ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கப்பலில் விளையாட்டு, விருந்து எல்லாம் அவர் பொறுப்பாம்.

அத்தை கூடையிலிருந்து மஞ்சள் வலையை எடுத்து உதறி விரித்தார். சோழியெல்லாம் கலகலவென்றது. துரையின் முகம் மலர்ந்தது. அப்புறம் ஏதோ கேட்டார். அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது.

"தாடி எங்கேன்னு கேக்காவ."

"தாடி இல்லன்னு சொல்லு. கடல் பொம்பளைன்னு சொல்லு. இத்தினி கடல் சுத்தியும் தெரியலையான்னு கேளு."

"என்னத்தை தாயீ நான் கேக்க!"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். துரை திரும்பி முதல் படியில் கால் வைத்தார்.

பேச வேண்டும், பேச வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. கூடைக்குள் கையை விட்டேன், தாடியை உருவினேன். என்ன நினைத்துச் செய்தேனோ, அதை என் காதிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அப்புறம் மூட்டைக்காரர்கள் போட்ட கூச்சல்!

"யம்மோவ், மீசைய எங்க வுட்டுட்டு வந்த?"

"டேய், நம்ப மேஸ்திரிய வுட இதுக்கு நல்லா கீதுடா!"

துரை திரும்பிப் பார்த்துப் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓர் அதிசயம் சொல்கிறேன். மூக்குக்குக் கீழே முகம் பூராவும் மறைந்திருந்ததால் எனக்குக் கூச்சமே தெரியவில்லை. பேசுவது நான் இல்லை, தாடி என்பது போல இருந்தது. நல்ல சத்தமாகவே சொன்னேன்:

"அத்தே, ராஜாவும் வந்துட்டுப் போவட்டும். அம்மா முன்னாடி போவட்டும், அவன் பின்னாடி வரட்டும்."

அத்தை கூடையைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"கேட்டுகினியா? அம்மா முன்னாடி. அவன் பின்னாடி. ஒத்துக்கினா குடுக்கறோம், இல்லன்னா வூட்டுக்குப் போறோம்."

அண்ணாச்சி இங்கிலீஷில் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி அத்தையை வணங்கினார். ராஜாவுக்கு ஒரு ராணி உண்டாம். வருஷா வருஷம் அவளுக்குப் படுக்கை விரிப்பைச் சுற்றி ஒப்பேற்றி வந்தார்களாம். இப்படி ஓர் உடுப்பு கிடைத்தால் அவளை முன்னால் விடுவதில் என்ன கஷ்டம் என்றாராம்.

நான் படியில் கால் வைத்தேன்.

உள்ளே நான் பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வராது. தரை மரம், வெறுங்காலுக்கு வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. பித்தளையில் என் முகம் தெரிந்தது. அப்போதுதான் தாடியைக் கழற்றினேன். மேல்தளத்தில் நீள நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர் எழுதிய அட்டை. அவர் நாடு திரும்புகிற வரைக்கும் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாதாம்! பதினொரு மணிக்கு ஆளுக்கொரு கோப்பை சூப்பு, இருக்கிற இடத்துக்கே வருகிறது. நாலு பித்தளைத் தகடு கட்டிய சின்னப் பலகையைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் நடக்கிறான். அந்த மணிச் சத்தம்தான் சாப்பாட்டுக்கு அழைப்பு. எங்கள் வீட்டில் அழைப்பு என்றால் அத்தையின் குரல்தான். துறைக்குத் துறை அறையில் புதுப் பழக்கூடை வைப்பார்களாம். பிறந்தநாள் வந்தால் பாண்டு வாசித்துக் கேக் வெட்டுவார்களாம். அண்ணாச்சி தன் வீட்டுக் கல்யாணம் போலப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ராணி வேஷம் யாருக்கு என்றால், ரொட்டி சுடுகிற ஆளுக்கு! ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அத்தை அதிர்ந்து போனார்.

"இன்னாடி இது, ஆம்பளையா அம்மா?"

"கூத்துல ஆம்பளைங்க தானே அத்தே பொம்பள வேஷம் கட்டறாங்க," என்றேன் மெதுவாக.

"அத்து மெய்தான்," என்று அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். "தொப்பையை உள்ள இழு நைனா. இன்னும் இழு. அடப்பாவி, இத்தினி ரொட்டியும் நீயே துன்னுட்டியா?" ரொட்டிக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்தது போல இழுத்தார். அத்தை கொசுவம் வைத்துச் செருகிக் கட்டிவிட்டதும், அந்த ஆள் இடுப்பில் கை வைத்து நாலடி நடந்தார். சோழி குலுங்கியது. நாற்காலிகளில் இருந்த துரைசானிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அத்தை தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து அவர் நெற்றியில் வைத்தார். ராஜாவாகப் போகிறவருக்கு நான்தான் தாடி மாட்டினேன். அவரைப் பின்னால் நிற்க வைத்தது அத்தை.

கிளம்பும்போது துரை ஒரு தாளைக் கொண்டுவந்தார். கோடு தாண்டியவர்களுக்குக் கொடுக்கிற அந்தப் பத்திரம். சுற்றிலும் மீனும் சங்கும் அச்சடித்திருந்தது. அதை வைத்திருப்பவரை இனிமேல் எந்தக் கடலிலும் யாரும் தண்ணீரில் தள்ளக் கூடாதாம். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மீன் பெயர் வைப்பது வழக்கமாம். தாடிக்காரப் பெண்ணுக்கு எந்த மீன் என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "வஞ்சிரம்" என்றேன்.

"இவளா வஞ்சிரம்?" என்றார் அத்தை. "ஒடம்பப் பாரு. நெத்திலின்னு எழுதச் சொல்லு அண்ணாச்சி."

அப்படியே எழுதிவிட்டார்.

மத்தியானம் கப்பல் கிளம்பியதைக் கரையிலிருந்து பார்த்தோம். மேல்தளத்திலிருந்து கலர் கலராகக் காகிதச் சுருள்களை வீசினார்கள். கப்பல் நகர நகர அவை இழுபட்டு அறுந்து காற்றில் பறந்தன. நாலைந்து நாள் கழித்து வலை பின்னும்போது அத்தை சட்டென்று கேட்டார்: "இன்னேரம் கோட்டைத் தாண்டியிருப்பாங்க இல்ல? சொன்ன மாதிரி முன்னாடி வுட்டானுங்களோ, இல்லியோ." அதற்கப்புறம் தினமும் ஒரு தடவை அதே கேள்வி.

பதில் மழைக்காலத்தில் வந்தது. அண்ணாச்சி ஓர் உறையைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு போட்டோ. வலைப்புடவையில் ரொட்டிக்காரர் வயிற்றை இழுத்துக்கொண்டு முதலில் நடக்கிறார். சோப்பு நுரை பூசிய துரைசானிகள் இருபக்கமும் சிரிக்கிறார்கள். ராஜா நாலடி தள்ளிப் பின்னால், என் தாடியோடு.

அத்தை அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தாடி நல்லாத்தான் கீது."

நான் ஊசிக்கட்டையை வேகமாக ஓட்டினேன்.

"அன்னிக்கே பாத்தேன், மூலையில கெடந்த கயித்துல ஒரு பாகம் கொறையுது, சீப்புல நாலு பல்லக் காணோம், பொடவையெல்லாம் சணலு. நான் இன்னா கண்ணு தெரியாதவளா?" என்றார். "கூடைய நானே தூக்கிகினு வரேன்னு சொல்லியிருந்தா இன்னாடி பண்ணியிருப்ப, நெத்திலி?"