எட்டு மணிக்குப் பிறகு கிடைத்த மாமா

என் சித்தியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹேவிளம்பி வருடம் ஆவணி மாதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கணக்கில் 1957. கூரைச்சேலை எடுக்கப் போன நாளுக்கு அப்படி ஆதாரம் எதுவும் இல்லை. ஆடியில் எடுத்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமையாகவும் இருந்திருக்காது. ஆவணி பிறந்த முதல் வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் மூன்றாம் தேதி சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதன் பிறகு சென்னையின் சட்டங்கள் எங்கள் பக்கத்துக்கும் வந்தன. அவற்றில் ஒன்று கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான 1947ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி கடைச் சிப்பந்திக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். கடை அடைக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் மேலும் கால் மணி நேரம் வியாபாரம் செய்யலாம்.

கீழராஜ வீதியில் நாங்கள் போன ஜவுளிக்கடையில் முகூர்த்த மாதங்களில் சிப்பந்திகள் காலையிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றார்கள். கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது. அவர்களில் யாரோ பெயர் போடாமல் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருந்தார். மனு மட்டும் இருந்து என்ன பயன்? நேரம் கடந்து சிப்பந்தி வேலை செய்வதை இன்ஸ்பெக்டர் தம் கண்ணால் பார்த்தால்தான் வழக்கு நிற்கும். இதெல்லாம் பல வருடம் கழித்து, அந்தக் கடையில் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டார் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மணமேல்குடியிலிருந்து பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, நாங்கள் கடைக்குள் நுழையும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. இரவு திருக்கோகர்ணத்தில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அப்பா, அம்மா, கல்யாணப் பெண்ணான சித்தி, பெரியம்மா, பங்காளி வீட்டு ஆட்கள் என்று ஜமக்காளம் நிறைய உட்கார்ந்தோம். தேர்வு செய்யும் அதிகாரம் பெரியம்மாவிடம் இருந்தது. சித்தியின் விருப்பத்தை யாரும் கேட்டதாக நினைவில்லை.

எங்களுக்குச் சேலை காட்டிய சிப்பந்தி மெலிந்த மனிதர். முப்பது வயது இருக்கலாம். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா.

“இது என்னய்யா, வெங்காயத் தோல் கணக்கா இருக்கு. வேற எடு” என்றார் பெரியம்மா.

“அக்கா, இதுக்கு மேல வேணும்னா காஞ்சிபுரத்துல தறி போட்டுத்தான் நெய்யணும்.”

“போடேன். நாங்க என்ன ஓடியா போறோம்? இங்கிட்டுத்தானே உக்காந்திருக்கோம்.”

சட்டப்படி அடைக்க வேண்டிய இரவு எட்டு மணிக்குக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். ஒற்றைப் பலகை மட்டும் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. சட்டம் தந்த கால் மணி நேரம் முடிந்து, இன்னொரு அரை மணியும் போயிற்று. பெரியம்மா அரக்குக்கும் மாம்பழ நிறத்துக்கும் நடுவில் இருந்தார். அப்போது வீதியில் சைக்கிள் ஒன்று நின்றது. வாசலில் காவலிருந்த கடைப் பையன் உள்ளே எட்டிப் பார்த்து, “இன்ஸ்பெக்டர்” என்றான்.

முதலாளி பதறவில்லை. அவருக்கு இது பழக்கம் போலும். கையை ஒருமுறை வீசினார். சிப்பந்திகள் பென்சிலையும் நாடாவையும் கல்லாவுக்குள் போட்டுவிட்டு எங்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியாக உட்கார்ந்தவர் எங்களுக்குச் சேலை காட்டியவர். அதுவும் முதலாளி, அவர் பெயரைச் சொல்லி அதட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்த பிறகுதான். முதலாளி தாமே ஒரு சேலையை விரித்தபடி எங்களைப் பார்த்து, “தப்பா நினைக்காதீங்க. கேட்டா ஒங்க ஆளுகன்னு சொல்லிருங்க. இவங்க பாவம், மாட்டிக்குவாங்க” என்றார்.

மாட்டிக்கொள்ளப்போவது யார் என்பதை அவர் மாற்றிச் சொன்னார். பெரியம்மா அதை அப்படியே நம்பினார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே வந்தார். “சிப்பந்திகள்லாம் எங்க?” என்று கேட்டார்.

“எட்டு மணிக்கே அனுப்பியாச்சுங்க. கல்யாண வீட்டுக்காரங்க, பாதியில எழுந்திரிக்கச் சொன்னா சகுனம் பாப்பாங்க. நான் ஒருத்தன்தான் காட்டிக்கிட்டிருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஒரு சேலை எடுக்க இத்தனை ஆம்பளைங்களா?”

“கூரைச்சேலைங்கய்யா. மாமன் மச்சான் வராம எடுத்தா நாளைக்கு எவன் பேச்சுக் கேக்குறது?” என்றார் பெரியம்மா.

இன்ஸ்பெக்டர் நேராக அந்த மெலிந்த மனிதரிடம் வந்தார். “நீங்க யாரு?”

“நான் இங்க...” என்று அவர் எழுந்தார். முழுசாக எழுந்திருக்கவில்லை. அதற்குள் பெரியம்மா அவர் தோளில் கை வைத்து அமர்த்திவிட்டார்.

“எங்க கடைசித் தம்பிங்க. நாலு பேரு எதுக்க பேச மாட்டான், கூச்சம்.”

“அக்கா தம்பி ஜாடையே இல்லியே.”

“அவன் எங்கப்பாவைக் கொண்டு பொறந்தவன். நான் எங்காத்தா.”

ஜமக்காளமே சிரித்தது. எங்கள் அம்மாவோடு சேர்த்துப் பிறந்தது மூன்றும் பெண்கள். ஒரு மாமா இல்லை என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே நான் நகர்ந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுங்க. இந்தக் கடையில வேலை பாக்குறீங்களா, இல்லியா?”

அந்த மனிதர் முதலாளியைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவைத்தான் பார்த்தார். பெரியம்மாவின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது. பெரியம்மாவின் மடியில் மஞ்சள் தடவிய பணப்பை, பக்கத்தில் தலை குனிந்த கல்யாணப் பெண். “அக்கா சொல்றதுதாங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நேரம் கடந்து விற்றதற்கு முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது அந்த மனிதரை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார். முதலாளி எங்களுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு இனாம் தந்தார். மாம்பழ நிறமே முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலைப் பந்தி நடக்கும்போது அந்தச் சிப்பந்தி மணமேல்குடிக்கு வந்தார். அழைப்பு எதுவும் இல்லை. ஊர்ப் பெயரை அன்று கடையில் கேட்டு வைத்திருக்கிறார். பெரியம்மாவுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. தெரிந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய் இலையில் உட்காரவைத்தார். மாப்பிள்ளை வீட்டம்மாள், “இவுக யாரு?” என்று கேட்டதற்கு, “எங்க தம்பி. புதுக்கோட்டையில ஜவுளிக்கடை” என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கொல்லைப்புறத்தில் அப்பாவிடமும் பெரியம்மாவிடமும் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். நான் கூடவே நின்றேன்.

“மொதலாளி என்னை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாருக்கா. நான் தெனம் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருவேனாம். ரெட்டைச் சம்பளம்னு கேட்டா, அன்னைக்கு ராத்திரி நான் சேலை எடுக்க வந்த ஆளுன்னு இன்ஸ்பெக்டரே எழுதியிருக்காருங்கறார். நான் ஒங்க தம்பி இல்ல, அந்தக் கடைச் சிப்பந்தின்னு ஒரு வரி எழுதிக் கைநாட்டு வச்சுக் குடுங்க. போதும்.”

அப்பா யோசித்தார். “எழுதிக் குடுத்தா, அன்னைக்கு ஆபீசர்கிட்ட பொய் சொன்னது நாமன்னு ஆயிருமே” என்றார்.

பெரியம்மாவின் தயக்கம் வேறு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா, தம்பி இல்லன்னு எழுதித் தரச் சொல்றியே. இப்பத்தானேய்யா சம்பந்திகிட்ட வாய் நெறையச் சொல்லிட்டு வாரேன். சொன்ன சொல்லை எப்படிய்யா திருப்பி எடுப்பேன்? வேற என்ன வேணும்னாலும் கேளு.”

உள்ளே போய், உடன்பிறந்தவனுக்கு வைக்கும் வேட்டியையும் துண்டையும் தாம்பாளத்தில் எடுத்துவந்து கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “வாரேங்கக்கா” என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

பெரியம்மா செய்தவற்றிலேயே சிறந்த காரியம் அதுதான் என்று நான் வெகுநாள் நம்பினேன். புதுக்கோட்டையில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். மாமா பெயர் என்னவென்று ஒருத்தி கேட்டபோதுதான் வீட்டில் வந்து கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. பெரியம்மா, “தம்பிக்கு என்னடி பேரு, தம்பிதான்” என்றார். எனக்கு அது சரியான பதிலாகவே பட்டது.

அந்தக் கடையில் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தவர் எனக்கு ஒரு பெயர் சொன்னார். அவரும் அதைக் கேள்விப்பட்டவர்தான். மனு எழுதியது அந்தப் பெயருடையவரா, எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அவரேதானா, இரட்டைச் சம்பளம் கடைசியில் கிடைத்ததா என்பவற்றை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. ஆகவே அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.