மகளின் கையைப் பிடித்து நிறுத்திய அந்த வெள்ளிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி அலுவலகத்தில் கணக்கு வேலையில் சேர்ந்த புதிது. வட மாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் வண்டிகள் அவை. என் மகள் அப்போது எல்.கே.ஜி. பள்ளி வேன் அவளை அலுவலக வாசலில்தான் இறக்கிவிடும். நான் கிளம்பும்வரை என் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வருமான வரித்துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல். மேனேஜர்களின் சம்பளத்தில் பிடித்த வரிக்கான காலாண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்திருக்கிறோம், அபராதம் கட்ட வேண்டும் என்றது. முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். வரித்துறை பெயரில் எத்தனை பொய் மெயில்கள் வருகின்றன! அதிலிருந்த இணைப்பைத் திறந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அதே விஷயம் முதலாளியின் போனுக்கே குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. முன்பே மெயில் அனுப்பியிருப்பதாகவும் அதில் இருந்தது.

"என்னுங்க அம்மிணி, நேரத்துக்குப் போட்டாச்சுன்னுதான சொன்னீங்க?"

நேரத்துக்குத்தான் போட்டிருந்தோம். கெடு தேதிக்கு முந்தைய தேதியிட்ட ரசீதும் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எனக்கு முன்பு இருந்த கணக்காளர், கட்டாத வரிக்குக் கம்ப்யூட்டரிலேயே ரசீது தயாரித்துக் காட்டி ஏமாற்றியவராம்.

"காயிதத்த யாரு வேணாலும் அடிக்கலாமுங்க. மெயில் வந்ததையே மறைச்சவங்க நீங்க" என்றார்.

எங்கள் கணக்கைத் தாக்கல் செய்யும் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "நாங்க கரெக்டாத்தான் போட்டோம். எதுக்கும் நீங்க எங்களுக்கு எப்ப அனுப்புனீங்கன்னு பாத்துக்கோங்க" என்றார்கள். அந்த "எதுக்கும்" என்ற வார்த்தை என்னைக் குடைந்தது. தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ? வீட்டில் சொன்னால், என் கணவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நெசமா நேரத்துக்குத்தான அனுப்புன?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கணக்கு அனுப்பிய மாதம் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் நாளைத் தப்பாகப் பார்த்திருப்பேனோ?

மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் எப்போதும் என் பொறுப்பில் இருக்கும் பணப் பீரோ சாவி என் மேசையில் இல்லை. டீ மட்டும் வழக்கம்போல் வந்தது.

எங்கள் பக்கம் பூ கேட்பது என்றொரு வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். எங்கள் முதலாளி பூ கேட்காமல் ஒரு வண்டியைக்கூட ஊரைவிட்டு அனுப்பமாட்டார். அந்த வெள்ளிக்கிழமை மாலை, "கோயிலுக்குப் போயிட்டு வந்தர்லாம் வாங்க அம்மிணி, பாப்பாவும் வரட்டும்" என்று காரில் ஏற்றிக்கொண்டார். புது வண்டிக்குப் பூஜை என்று நினைத்தேன்.

கோயிலில் பூசாரி பொட்டலங்களைத் தயாராக வைத்திருந்தார். முதலாளி என் மகளின் பக்கத்தில் குனிந்து, "சாமி, அதுல ஒண்ண எடுத்தா பாக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வெள்ள வந்தா இந்தப் பேச்ச இதோட உட்டர்லாமுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேள்வியே நான்தான்.

எம்.காம். படித்தவள் நான். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று அப்படி இருக்க முடியவில்லை. மகள் சந்தோஷமாகக் கையை நீட்டிவிட்டாள். சிவப்பு வந்தால், அம்மா பொய்க்காரி என்று சொன்னது அவள் கையாக அல்லவா இருக்கும்? சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க, பயமா?"

"ஆமாங்க" என்றேன். அவர் பூசாரியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் தீர்ப்பு முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது காரில், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சில வாரங்கள் அப்படியே ஓடின. நான் எழுந்து போனால் என் கம்ப்யூட்டரை யாரோ பார்ப்பதாகத் தோன்றும். நிஜமாகப் பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் துறையிலிருந்தே இன்னொரு மெயில் வந்தது. மென்பொருள் கோளாறால் நோட்டீஸ் தவறுதலாக வந்துவிட்டதாம், அதைப் பொருட்படுத்த வேண்டாமாம். எங்களுக்கு மட்டுமல்ல, பல நிறுவனங்களுக்கும் அப்படி வந்திருந்ததாக ஆடிட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை பீரோ சாவி என் மேசைக்குத் திரும்பியது. "அன்னிக்கே பூவ எடுக்க உட்டிருந்தா இத்தன நாள் இழுத்திருக்காதுங்க அம்மிணி" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

வேலையை விடவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எதை அனுப்பினாலும் முதலில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நிறுவனத்தின்மேல் தவறில்லை என்று துறை எழுதிக் கொடுத்துவிட்டது. என்மேல் இல்லை என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தக் குறை இன்னும் ஆறவில்லை. அதனால்தானோ என்னவோ, வீட்டில் ஏதாவது உடைந்து கிடக்கும்போது என் மகள் "நான் இல்லம்மா" என்றால், முதலில் அவளை நம்பிவிடுகிறேன். விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.