கருவிக்கு வைத்த பொட்டு

விருத்தாசலத்தில் பயிர் ஆய்வுக்கூடமொன்றில் நான் உதவியாளர். ஆயுத பூஜையன்று பக்தி மிகுந்து எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தேன். ஒளியால் அளக்கும் கருவிக்குள் ஒளி புகும் சின்னக் கண்ணாடியையும் விடவில்லை.

லீவு முடிந்ததும், வறட்சியில் வாடிய மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி தன்னைக் காக்க உண்டாக்கும் நொதியை அளக்க, ஆராய்ச்சி மாணவி கலா இலைச்சாறு எடுத்து, கெடாமலிருக்க ஐஸில் வைத்தார். ஐஸ் உருகினால் மூன்று மாத உழைப்பு வீண்.

"அண்ணே, வெறுந் தண்ணிய வச்சாலும் அளவு எகிறுது! மெஷினு போச்சா?" கலா அழுதே விட்டார்.

கண்ணாடியில் வைத்த பொட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது; வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் வாய் திறந்தேன்.

"உள்ள இருக்கற கண்ணாடிக்கும் நாந்தாங்க பொட்டு வச்சேன், மேடம்."

துடைத்ததும் அளவு சரியாக வந்தது.

"மெஷினு கண்ணுலயே குங்குமத்த அப்பிட்டீங்களே, அண்ணே!" என்று கண்ணீரோடு சிரித்தார்.

சாமி கும்பிடும்போது கண்ணை மூடலாம். பொட்டு வைக்கும்போது மூடக் கூடாது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.