நடுமாடியில் சேலை காட்டியவன்

பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவனுக்கு ஆண்டவன் இரண்டு தோள் கொடுத்திருப்பது, ஒன்றில் அரக்கையும் இன்னொன்றில் மயில்கழுத்தையும் போட்டு, "எதும்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்பதற்காகத்தான். நாளெல்லாம் நின்று சம்பாதிக்கிற, இஸ்திரி போட்ட சட்டையை நம்பி மானத்தோடு நடமாடுகிற என் கூட்டாளிகளே, உங்கள் தொழில் எதுவானாலும் நான் சொல்லப்போகிற வலி உங்களுக்குத் தெரிந்த வலிதான்.

எங்கள் கடை ஆரணியில் மூன்று அடுக்காக நிற்கிறது. கீழே ஃபேன்சி, பூனம், பட்டு மாதிரி தெரிகிற சேலைகள். மேல் மாடியில் கல்யாணப் பட்டு, சோபா, ஏசி, ஜூஸ். இரண்டுக்கும் நடுவில் என் மாடி. அசல் பட்டுதான், ஆனால் ஜரிகை கொஞ்சம் அடக்கமாக இருக்கும். மாசச் சம்பளக்காரர்கள் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் வந்து உட்கார்ந்து, நிதானமாகப் பார்த்து, மனநிறைவோடு எழுந்து போகிற மாடி. தெருப்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. மத்தியான நேரத்தில் அது வழியாக ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வாசனை உள்ளே வந்து புதுப்பட்டின் வாசனையோடு கலக்கும். அந்த நேரத்தில் எனக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். முன்பு நாலைந்து பேர் நின்று காட்டிய அந்த மாடியில், கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

படிக்கட்டில் நின்றவர்கள்

"எந்த ரேஞ்ச்ல பாக்கறீங்க?" என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கேள்வி. அதற்கு வருகிற பதிலை வைத்து ஆளை மேலே அனுப்புவதா, கீழே அனுப்புவதா, நடுவில் உட்கார வைப்பதா என்று முடிவாகும். போன ஆவணியில் போளூரிலிருந்து ஒரு தபால் ஆபீஸ்காரர் மனைவியோடு வந்தார். முன்பு பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கும் என்னிடம்தான் எடுத்திருந்தார். அரக்கில் கிளிப்பச்சை பார்டர். அந்தச் சேலையை நான் மறக்கவில்லை. நல்ல சேலைகள் கடையை விட்டுப் போன பிறகும் கொஞ்ச நாள் என் கண்ணுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த முறை சின்னப் பெண்ணுக்கு. ஒருமுறை மேலே போய்விட்டு இறங்கினார்கள். பிறகு கீழே போய்விட்டு ஏறினார்கள். கடைசியில் படிக்கட்டு திரும்புகிற இடத்தில், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். நான் போய், "எந்த ரேஞ்ச் சார்?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாதான் பேசினார்: "மேல போனா நம்மால ஆகாது, கீழ போனா சம்பந்தி வீட்ல மதிக்க மாட்டாங்க. நடுவுலயே எதுனா பாத்துக் குடுங்க தம்பி."

என் தோளுக்கு ஏற்ற நிறம்

சேலையை மடியில் விரித்துக் காட்டினால் பாதிதான் தெரியும். கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்ட, நாங்களே இடுப்பில் கொசுவம் பிடித்து, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்போம். மீசை வைத்த ஆண்பிள்ளை பட்டு கட்டி நிற்பதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. எனக்கோ முந்தி தோளில் விழுந்ததுமே நாயனம் கேட்க ஆரம்பித்துவிடும். பந்தியில் இலை போடுவார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி மணவறைக்குக் கூப்பிடுவார்கள். இப்படி எத்தனையோ பெண்களின் கல்யாணத்தை அவர்களுக்கு முன்னால் நான் நடத்திப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு அம்மா, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற தன் பெண்ணுக்கு வீடியோவில் என்னைக் காட்டினார். மாம்பழ மஞ்சள், நீல பார்டர். நான் தாவாயைக் கொஞ்சம் தூக்கி, கல்யாணப் பெண்ணின் முகபாவத்தோடு நின்றேன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், அடுத்தது யார் என்று தெரியாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. அம்மா விடவில்லை, "சேலையப் பாருடி" என்றார். பெண் பார்த்தாள். "ஒரு நாளைக்குத்தானேம்மா, வாடகைக்கு எடுத்துக்கலாம். இந்தச் சேலை அந்த அண்ணனுக்கே இருக்கட்டும், அவருக்குத்தான் நல்லா இருக்கு."

தண்ணி கேனுக்கு மேலே

கடை ஆட்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று ஒரு அறிவிப்பு வந்தது. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டம். முதலாளி அதை நாங்கள் சாப்பிடுகிற அறையில், தண்ணி கேனுக்கு மேலே ஒட்டிவிட்டார். தண்ணீர் பிடிக்கப் போன நாங்கள் ஒவ்வொருவரும் டம்ளர் நிரம்பி வழிகிற வரைக்கும் படித்தோம். அதில் போட்டிருந்ததும் நாங்கள் வாங்குவதும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்கூட இல்லை. கீழ்த்தளத்தில் நிற்கும் பரந்தாமன், "ஏத்தினா கடைய மூடிகினு போயிடுவாருப்பா, பேசாம இருங்க" என்றான். பில் போடுகிற பெண், "ஏத்தலன்னா நாம ஊர விட்டுப் போவணும்" என்றாள். சாப்பாட்டு நேரம் முழுக்க இந்தச் சண்டைதான். நான் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்தபடி அந்தக் காகிதத்துக்குள் போய்விட்டேன். அந்தச் சம்பளம் மட்டும் வந்தால், கிழக்குப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு போர்ஷனுக்கு மாறிவிடலாம். காலையில் வெயில் வரும். வெயிலில் விஜி தலை உலர்த்துவாள்.

விஜி என் மனைவி. இந்தக் கனவில் நான் பாதி தூரம் போவதற்குள் முதலாளி வாசற்படியில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. கடன் வாங்கி மேல் மாடிக்கு ஏசி போட்டவர், ஆன்லைனில் சேலை விற்கிறவர்களை நினைத்துத் தூக்கம் கெட்டவர். அறிவிப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோட்டீஸ்ல இருக்கறத குடுத்துடறேன்பா, நான் ஒன்னும் சட்டத்துக்கு விரோதி இல்ல. ஆனா எத்தினி பேர வெச்சிக்கணும்னு சட்டம் சொல்லலியே."

முள்ளிப்பட்டு முதலாளி

அன்றைக்கு எலுமிச்சை சாதத்தை அப்படியே மூடி வைத்தேன். நடுமாடியை மாசக் கடைசியோடு மூடுவது என்று முடிவாகிவிட்டது. மேலே ஆள் போதும். கீழே ஒருவனுக்கு இடம் இருந்தாலும் இருக்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்றார் முதலாளி. அவர் யோசிக்கிற வரைக்கும் நான் சேலைகளை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தேன்.

அப்போதுதான் முள்ளிப்பட்டிலிருந்து சுந்தரம், மாஸ்டர் வீவர் கொடுத்தனுப்பிய சரக்கைக் கொண்டுவந்தார். அவரிடம் பாவு நூல் வாங்கி, வீட்டுத் தறியில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். என் வயதுதான். எனக்கு யாரிடமாவது அழ வேண்டியிருந்தது, அவர் கிடைத்தார். தண்ணி கேனுக்கு மேலே இருந்த காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சுந்தரம் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தார். "எங்களுக்கெல்லாம் இது கிடையாதுங்க. தறி எங்க வூட்ல இருக்குதுல்ல, அதனால நாங்க முதலாளியாம்."

இஸ்திரிச் சட்டை

கட்டட வேலைக்குப் போகிற ஓர் அம்மா வந்தார். சீட்டு எடுத்த பணம், பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். கீழேயே நிறுத்திவிடப் பார்த்தார்கள் போலிருக்கிறது. அவர் நேராக ஏறி என் மெத்தையில் உட்கார்ந்து, "பட்டு காட்டுங்க, பட்டு மாதிரி இருக்கறது வேணாம்" என்றார். மனசுக்குள் அவருக்கு ஒரு மாலை போட்டேன். நடுமாடிக்கு இனிமேல் இவர்கள்தான் வருவார்கள், இவர்களால் என் மாடி பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கனவு ஓடியது. ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் காட்டினேன். அவர் சேலையைப் பார்த்த அளவுக்கு என்னையும் பார்த்தார்.

"காலைலேருந்து நின்னுகினே இருப்பீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு நாளைக்கு இன்னா வருது?" என்றார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மாசச் சம்பளத்தை நாளாக்கிச் சொன்னேன். சித்தாள் கூலிக்கும் கீழே இருந்தது அது. அவர் கையிலிருந்த சேலையை மடியில் வைத்துவிட்டு, என் சட்டைக் காலரைப் பார்த்தார், இன் பண்ணியிருந்ததைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது நிஜமான வருத்தம். அதை என்னால் தாங்க முடியவில்லை. "அட பாவமே, நல்லா இஸ்திரி சட்ட போட்டுகினு இருக்கீங்களேன்னு நெனச்சிட்டேன். எங்க மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

வாங்கம்மா, உட்காருங்க

மாசக் கடைசி வந்தது. சாயங்காலம் சொல்கிறேன் என்றிருந்தார் முதலாளி. மத்தியானம் ஜன்னல் வழியாக நெல் வாசனை வந்தது. ஒரு ஆளும் இல்லை. நான் ஒரு மயில்கழுத்துச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரியைப் பார்த்து நின்றேன். இந்த நிறங்களை எல்லாம் நாளைக்கு எங்கே கொண்டுபோய் அடைப்பார்கள் என்று யோசித்தபடியே எங்கோ போய்விட்டேன். படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. திரும்பாமலே வாய் வேலை செய்தது: "வாங்கம்மா, உட்காருங்க, எந்த ரேஞ்ச்ல பாக்கறீங்க?"

திரும்பினால் விஜி. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். தெருவே "மிஸ்" என்று கூப்பிடும். சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. முதலாளி என்ன சொல்வாரோ என்று இருப்புக் கொள்ளாமல், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்துவிட்டாள். நான் பேசியதைக் கேட்டு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் உட்கார்ந்து, "மிடில்ல காட்டுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. எங்கள் வீட்டுச் சேலை எல்லாம் கீழே, ஆடித் தள்ளுபடியில் எடுத்ததுதான். நான் காட்டினேன். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் நிறம் என்று அலமாரியையே இறக்கிப் போட்டேன். அவள் ஒவ்வொரு முந்தியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் கிழக்கு ஜன்னல் வைத்த வீட்டில் இருந்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படியேறி வந்த முதலாளிக்கு, நடுமாடி மெத்தை நிறையச் சேலை விரிந்து கிடந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் குடும்பங்கள் எல்லாம் வரும்தான், அந்தக் கூட்டத்தில் அவர் யார் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்? கீழே குனிந்து, "அம்மாவுக்கு ஜல்தியா ஒரு காபி" என்று குரல் கொடுத்தார். காபி வந்தது. விஜி வாங்கி, நன்றாக ஆற்றிக் குடித்தாள். நான் தோளில் கிடந்த சேலையை எடுக்கக்கூட மறந்து நின்றேன். "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார் முதலாளி. "எல்லாமே நல்லா இருக்குதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு சம்பளம் ஏத்தப் போறாங்களாம், ஏறினதும் வந்து வாங்கிக்கறேன்" என்றாள். நல்ல இடமாக இருக்கும் என்று நினைத்து, "அவரு எங்க வேல செய்யறாரும்மா?" என்று அவர் மரியாதையாக விசாரித்தார். விஜி டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க கடைலதாங்க. இதோ, சேலையத் தோள்ல போட்டுகினு நிக்கறாரே."

காபிக் கணக்கு

முதலாளி காலி டம்ளரைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். விஜி பயந்துவிட்டாள். "அதிகமா பேசிட்டேனாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து சேலைகளை மடித்து வைத்தோம். அவள் என்னைவிட நேர்த்தியாக மடித்தாள்.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துப் பேசினார். "நாளைலேருந்து கீழ நில்லு. சம்பளம் அந்த நோட்டீஸ்ல இருக்கற மாதிரி போட்டுடறேன். கமிஷன், பொங்கல் துணி, அதெல்லாம் இனிமே கேக்காத." எனக்கு அழுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. கும்பிட்டேன். திரும்பிப் போனவனை மறுபடியும் கூப்பிட்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது: "குமரேசு, உன் வூட்டம்மா இன்னொரு தபா வந்தா, காபி உன் கணக்கு."

ஆக, கூட்டாளிகளே, சம்பளம் ஏறிய அதே மாசத்தில் நான் ஒரு மாடி இறங்கினேன், இப்போது கீழே நின்று பூனம் காட்டிக்கொண்டிருக்கும்போது, படிக்கட்டில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நிற்கிற யாராவது ஒருவர், "நடுவுல ஒரு மாடி இருந்துதே, எங்கேப்பா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்.