தினமும் தருகிறார்கள் என்று சொன்னேன்

எங்களை நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன் வெளியாள் அல்ல. எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து, படித்து, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கே தூள் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கராக வந்தவன். வாய் நிறைய என்னை "அக்கா" என்பான்.

எனக்கும் தங்கச்சிக்கும் தூள் சலிக்கும் அறையில் வேலை. சல்லடை மெஷின் ஓடினால் எதிரில் நிற்பவள் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. பழைய சேலைத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வோம். தங்கச்சிக்கு அப்போதே இருமல் தொடங்கியிருந்தது.

தரச் சான்றிதழ் கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்த காலையில் அவன் ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தான். தடித்த, நல்ல மாஸ்க். பிறகு என்னை மட்டும் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்குத்தான் நல்லா சிங்களம் வரும். கேட்டாங்கன்னா தினமும் குடுக்குறாங்கன்னு சொல்லிருங்க. இந்தச் சர்டிபிகேட் மட்டும் கெடைச்சிருச்சுன்னா நெசமாவே தினமும் மாஸ்க், தூசி உறிஞ்சுற மெஷினு, எல்லாம் வந்துரும். நம்ம ஆளுங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?"

நம்ம பிள்ளை சொல்கிறானே என்று உருகிப்போனேன். சோதிக்க வந்த அம்மா சிங்களத்தில் கேட்டார். தினமும் தருகிறார்கள், ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன், வெட்கங்கெட்டவள். அவர் எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். அதன் பிரதி ஒன்றை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்களுடைய வேன் கேட்டைத் தாண்டியதும் அவன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். "கழட்டிப் போடுங்கக்கா. அடுத்த தடவைக்கு வேணும்."

சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்கள். மெஷினாவது, மண்ணாங்கட்டியாவது!

மழைக்காலத்தில் தங்கச்சிக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. தூசியில் வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு இருவரும் ஆபீசுக்குப் போய், வேறு வேலை கேட்டோம். தோட்டத்தை நடத்தும் துரை அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் ஃபைலைப் பிரித்து வைத்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாஸ்க் தினமும் குடுக்குறோம் சேர். போடாம இருந்தா நாம என்ன செய்றது? இவங்க அக்காவே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

பாவி! அது பொய், இவன்தான் சொல்லச் சொன்னான் என்று கத்தினேன். பொய்யென்றால் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றார் துரை. வேறு வேலை இல்லை என்று டொக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தங்கச்சிக்குச் சிங்களம் தெரியாது. அன்று நான் சொன்னதை அவளிடம் அதுவரை மறைத்திருந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். மூச்சு சீராக நேரமாயிற்று. பிறகு கேட்டாள்.

"பக்கத்துல நின்னு நான் இருமிக்கிட்டு இருக்கையிலதான் அதச் சொன்னியா?"

ஆமாம் என்றேன். மறுநாளும் அவள் சல்லடை அறைக்குத்தான் வந்தாள். எனக்கு எதிரில் நிற்காமல் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.