பலகாரம் கணக்கில் வராது

மருத்துவர் என் சட்டையை உயர்த்தச் சொல்லி, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே சதையை விரல்களால் கிள்ளிப் பிடித்தார். பிடித்தது விரல்களுக்குள் அடங்கவில்லை.

"இந்த இடத்துலதான் திறக்கணும். இவ்வளவு கொழுப்புக்குள்ள கையை விட்டுத் தேடறது உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. பிரஷரும் கொஞ்சம் மேலே நிக்குது. எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. இடுப்புல நாலு இஞ்ச். மூணு மாசம் டைம்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயிருந்தன. வாரம் இரண்டு முறை நகரத்து மருத்துவமனை ஒன்றில் டயாலிஸிஸ் நடந்தது. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பான். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. மிஞ்சியது நான். ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது. பொருந்தாதது என் வயிறு.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மாலைப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியர். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். தாம்பரத்தில் ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஆறிலிருந்து இரண்டு வரை நாற்காலி, பிறகு ரயிலில் ஒரு இருக்கை, வீட்டில் ஒரு நாற்காலி. பத்து வருடம் இப்படி உட்கார்ந்ததில் வந்த தொப்பை அது. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் தொப்பை இல்லாதவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான்.

எடையைக் குறைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். பத்திரிகைப் பக்கத்தில் இடம் காலியாகும்போதெல்லாம் போடுவதற்கென்று மருத்துவக் குறிப்புகள் வைத்திருப்போம். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் தொப்பை கரையும் என்று பலமுறை அச்சில் ஏற்றியவன் நான். அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது நானே குடித்தேன். புளித்த ஏப்பம் வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேலையூர் ஏரிக்கரையில் நடந்தேன். வந்தபிறகு மொசைக் தரையில் பாய் விரித்து, கால்களை நீட்டிப் படுத்து எழுந்திருக்கும் பயிற்சி. எழும்போது கால்கள் மேலே தூக்கும் என்பதால் என் மனைவி பாதங்களின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். நான் பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணுவேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுக்கும் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் எருமைகளை மேயவிட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் காலனி மனைகளுக்கு நிலம் விற்ற குடும்பத்துக்காரர். கையில் தங்க மோதிரம், வாயில் வெற்றிலை. இரண்டாவது வாரமே என்னை நிறுத்திக் கேட்டார்.

"இன்னா சார், டெய்லி நடந்துகினு கீறே? டாக்டர் சொன்னாரா, வூட்ல சொன்னாங்களா?"

"டாக்டர்."

"நானும் பாத்துகினுதான் கீறேன். நீ நடக்கற நடைக்கு ஏரிக்கரைதான் தேயுது. வவுறு தேயல."

அவர் பார்வையில் பிழை இல்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஏறி நின்று காசு போட்டால் சிவப்பு விளக்குகள் சுற்றி, அட்டைச் சீட்டு ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணத்தைப் பற்றி ஒரு வரி. முதல் சீட்டில் எண்பத்து மூன்று கிலோ, நான் எடுத்த காரியத்தை முடிப்பவன். ஆறு வாரம் கழித்து எண்பத்திரண்டு கிலோ, நான் பிறருக்கு உதவுபவன். இரண்டாவது முறை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சீட்டோடுதான் அன்று மத்தியானம் தம்பியைப் பார்க்கப் போனேன். டயாலிஸிஸின்போது அவன் நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் இயந்திரத்துக்குள் சுற்றித் திரும்ப வரும். ஒல்லியானவன், இன்னும் ஒல்லியாகியிருந்தான். தோல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"எண்பத்திரண்டு."

"ஆறு வாரத்துக்கு ஒரு கிலோ." விடை தப்பாக வந்தால் வழிமுறையைக் காட்டச் சொல்வது அவன் தொழில். "சரி, ஸ்டெப் போட்டுக் காட்டு. நேத்து என்னெல்லாம் சாப்பிட்டே?"

"மத்தியானம் மட்டும்தான்டா சாப்பிடறேன். ஒரே வேளை."

"காலையில?"

"ஆபீஸ்ல டிபன்."

"டிபன்னா காத்தா?"

"பொங்கல்."

"வடை?"

"ஒண்ணு."

"ராத்திரி?"

"தோசை. நாலு. சின்னது."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை விரதம். உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அதே வீட்லதானே நானும் வளர்ந்தேன். விரதத்துக்கு என்ன?"

"அடை."

"எத்தனைன்னு கேட்டா சின்னதும்பே. வெண்ணெய் உண்டா?"

"கொஞ்சம்."

"வெல்லம்?"

நான் எடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பில் உடம்பு குலுங்கி இயந்திரம் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து, "சார், கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? நீங்களே இவரைச் சிரிக்க வெச்சா எப்படி?" என்று இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. இலையிலோ தட்டிலோ சோறு விழுந்தால்தான் சாப்பிட்டதாக அர்த்தம். ஆறு இட்லி தின்றுவிட்டு வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டால், இனிமேல்தான் என்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒருபொழுது இருப்பவர்கள் இரவில் பலகாரம் செய்துகொள்வார்கள். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் என்றால் அன்று சோறு கிடையாது, அவ்வளவுதான். அடையும் உப்புமாவும் சேமியாவும் விரதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரே வேளை என்று நான் தம்பியிடம் சொன்னபோது உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். நிருபர்கள், ‘சிலருக்குக் காயம்’ என்று எழுதிக்கொண்டு வந்தால், சிலர் என்றால் எத்தனை பேர் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவன் நான். என் தட்டைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

நர்ஸ் போனபின் தம்பியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, நான் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம். மாத்திரை முழுங்கற தண்ணியும் அதுல சேர்த்தி. மோரு சேர்த்தி, ரசம் சேர்த்தி. மோருக்குத் தண்ணின்னு பேரு இல்லையேன்னு நான் குடிச்சா, ராத்திரிக்கு மூச்சடைச்சுப் போயிடுவேன்." குழாயைப் பார்த்தான். "உனக்குக் குடுக்க இஷ்டம் இல்லைன்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அடை மேல பழியைப் போடாதே."

இஷ்டம் இல்லாமல் இல்லை என்றேன். அது பத்திரிகைக்காரன் பதில்போல எனக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அரிவாள்மணையில் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடைக்கு எண்ணெய் ஜாஸ்தியா விடறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. டாக்டர் சொன்ன நாள்லேருந்து ஜாஸ்திதான் விடறேன்" என்றாள். கை நிற்கவில்லை.

"எதுக்கு?"

"எடை குறையலைன்னா உங்களை வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்."

"அவன் என் தம்பி."

"தெரியுங்க. அவர் பொண்டாட்டி முகத்தைப் பார்த்து ரெண்டு மாசமா என்னால பேச முடியலை. ஆனா நல்லா இருக்கற உடம்பைக் கொண்டுபோய் மேஜை மேல படுக்க வெக்கப்போறீங்க. போங்கன்னும் சொல்ல வரலை, போகாதீங்கன்னும் சொல்ல வரலை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. அடை சுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு வாரமாக என் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள், எழுந்திருக்கவும் வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். அவள் பயந்தது எனக்கும் உள்ள பயம்தான். அவள் அதைச் சுட்டாள், நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவே வித்தியாசம்.

அன்று இரவு தட்டில் எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தியும் வேகவைத்த கோஸும் வந்தன. மூன்றாவது கேட்டேன். "ரெண்டுதான்" என்றாள். காலையில் டிபன் டப்பா ஒன்று தனியாகக் கொடுத்தாள். வெள்ளரிக்காய், வேகவைத்த பயறு. எட்டரை மணிக்குக் கேன்டீனிலிருந்து மிளகும் நெய்யும் மணக்கும்போது அதைத் திறக்க வேண்டும்.

அந்த வாரங்களை உற்சாகமாக நினைவுகூர என்னால் முடியாது. பசியோடு எழுந்தேன், பசியோடு ரயில் ஏறினேன். பதினோரு மணிக்குக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்போது எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. ஒருநாள் ஒரே செய்தியை இரண்டு பக்கத்தில் விட்டுவிட்டேன். ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது, சைதாப்பேட்டையில் ஏறி உட்கார்ந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க சார்" என்று எழுந்து இடம் கொடுத்தாள். சாயங்காலம் நடக்கும்போது முழங்கால் வலித்தது. மழை வந்தால் ஏரிக்கரை சேறாகிவிடும். அப்போது தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர் சாலையில் போய்த் திரும்பினேன். லாரிகள் சேற்றை வாரி அடித்துவிட்டுப் படப்பைப் பக்கம் போயின.

எடை குறைந்தது. ஆனால் உடம்பு தன் இஷ்டப்படிதான் கொடுத்தது. முதலில் கன்னம் போயிற்று. பிறகு கழுத்து, தோள், கைகள். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் நுழைந்தது. வயிறு கடைசிவரை அசையவில்லை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், "மச்சான், உன்னை நல்லா எடிட் பண்ணிட்டாங்கப்பா. முதல் பாரா, அந்த லீட் மட்டும் அப்படியே முன்னால நிக்குது" என்றார். எருமைக்காரரின் தீர்ப்பு இன்னும் துல்லியமாக இருந்தது.

"மூஞ்சி போச்சி, தோளு போச்சி. வவுறு மட்டும் பட்டா வாங்கிகினு குந்திகீது சார். காலி பண்ணாது."

மூன்று மாதம் முடிந்தபோது எழுபத்தேழு கிலோ. ஆறு குறைந்திருந்தது, இன்னும் இரண்டு குறைய வேண்டும். இடுப்பில் மூன்று அங்குலம் போயிருந்தது, ஒன்று பாக்கி. அந்த வாரம் தம்பியின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மருத்துவமனையிலேயே சேர்த்துவிட்டார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கினான். மருத்துவர் மறுபடி என் விலாவுக்குக் கீழே கிள்ளிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். அது இறங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் குடுங்க டாக்டர், முடிச்சிடறேன்" என்றேன்.

"நீங்க முடிச்சிடுவீங்க. அவர் இருக்கணுமே" என்றார். "போதும். இதை வெச்சு நான் பார்த்துக்கறேன்."

மூன்று மாதப் பட்டினிக்குக் கிடைத்த தீர்ப்பு இது. தேறினேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. என் வயிற்றுக்காகக் காத்திருக்க நேரமில்லாமல் போனதால் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆறு வாரத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால், அவன் அந்த இரவுகளில் படுத்துத் தூங்கியிருப்பான். இதை நான் அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாமல் இருக்காது.

அறுவை முடிந்தது. கண் விழித்தபோது இடப்பக்கம் யாரோ விலாவை உதைத்துக்கொண்டே இருப்பதுபோல் வலி. மனைவி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். "அவருக்குக் கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்காம்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தம்பி மனைவி உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உடம்பு புதிய சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க அவனுக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் வேலையாலோ என்னவோ, ஆறு மாதத்தில் அவன் முகம் வட்டமாயிற்று. கை கால் ஒல்லியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்தது. பேன்ட்களைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டான். என் வயிறும் ஒரு வருடத்துக்குள் பழையபடி திரும்பிவிட்டது. நான் நடப்பதை நிறுத்தியிருந்தேன். எதற்காக நடந்தேனோ அது நடந்துவிட்டது என்று ஒரு சாக்கு.

அவன் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை தாம்பரம் வந்திருந்தான். கிழக்கே என் வீட்டுக்குப் போக நடைமேம்பாலம் ஏற வேண்டும். பாதிப் படியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணா, மெதுவா போ" என்றான். எனக்கும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. இருவரும் நின்றோம். கீழே பீச் போகும் ரயில் வந்து நிற்க, அதைப் பிடிக்கக் கூட்டம் படிகளில் இறங்கி வந்தது. தலையில் கீரைக்கூடையோடு வந்த ஒரு அம்மா எங்கள் முன்னால் நின்று இருவரின் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வழிய வுடுங்க சார். ரெண்டு பேரும் சேந்து பாலத்தையே அடச்சிகினு கீறீங்க."

நாங்கள் கம்பியோரமாக ஒதுங்கினோம்.