எங்கள் ஒஃபிஸின் ரோல்ஸ் சட்டம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை தாண்டி என் கம்ப்யூட்டரில் ஒரு விண்டோ காணாமல் போனது. நம்புவீர்களா?

கோட் எழுதும் சொஃப்ட்வெயரைத் திறக்கிறேன். கீழே ஐகன் மினுங்குகிறது. திரையில் ஒன்றுமே இல்லை! மூன்று தடவை ரீஸ்டார்ட். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல். ம்ஹும்...

பதினொரு மணிக்கு ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்ட் ஒன்றிலிருந்து ஆட்கள், தங்களுக்காக நாங்கள் எழுதும் புரோகிராமைப் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாயிற்று. இன்றும் காட்டாவிட்டால் வேலை வேறு கம்பனிக்குப் போய்விடும். கடைசியாகச் செய்த திருத்தங்களோ என் மெஷினில் மட்டும்தான் — அது என் சோம்பேறித்தனம்.

சுற்றிவர ஆறு பேர் இருக்கிறார்கள். கேட்கலாம்தானே என்பீர்கள். எங்கள் வெள்ளவத்தை ஒஃபிஸில் ஒரு சட்டம் உண்டு: சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி கேட்பவர் எல்லோருக்கும் தேநீரோடு தின்ன ரோல்ஸ் வாங்கித் தர வேண்டும். ரோல்ஸ் பெரிதல்ல, கூட வரும் சிரிப்புத்தான் பெரிது. சட்டம் போட்டவர் யார்? சீனியராகிய அடியேன்தான்!

பத்து ஐம்பதுக்கு, எனக்குப் பின்னால் இருக்கும் தர்ஷினி எழுந்து வந்தாள். ஹட்டன் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் போர்டிங். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பக்கத்து மேசைக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அண்ணா, ரெண்டாவது மொனிட்டர நேத்து ரிப்பேருக்குக் கொண்டு போனாங்கள்ல? விண்டோ இன்னும் அந்தப் பக்கந்தான் நிக்கிது. விண்டோஸ் கீயப் புடிச்சுக்கிட்டு இடது ஏரோவ ரெண்டு மூணு தடவ அமுத்துங்க."

அழுத்தினேன். வந்து நின்றது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யார்ட்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சம்மதித்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு நேரே தர்ஷினியிடம் போனேன்.

"நீ இல்லாட்டி இண்டைக்கு நான் துலைஞ்சன். உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் வந்துச்சுண்ணா, சேர்ந்த புதுசுல. ரெண்டு நாளு அதோடயே கெடந்தேன். பாத்ரூம்ல போயி அழுதேன்."

"ஏன் பிள்ளை, என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

கொஞ்சம் தயங்கினாள். "எல்லாரும் சிரிப்பீங்கன்னுதான்..."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, காலையில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சட்டத்தையும் அப்போதே தூக்கினேன்.

இரண்டு நாள் தனியாக அழுத பிள்ளை, என்னை இருபது நிமிடம்கூடத் தவிக்க விடவில்லை.